ஒத்தக்கைக்காரிக்கு வச்ச சோறு

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு வெளிக்காத்து ஆகாது. இந்த மூட்டைய மட்டும் காலுக்கடியில தள்ளிக்கிறேன். சட்டி கரண்டியெல்லாம் கிடக்கு, உருண்டா பஸ்ஸே திரும்பிப் பாக்கும். கண்டக்டர் இறங்கிப் போயி பீடி பத்த வச்சுட்டாரு பாத்தீங்களா, அப்படின்னா கீழ வளைவுல லாரி மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். சீக்கிரம் எடுக்கமாட்டாங்க. இந்த ரோடு அப்படித்தான்.

கேமரா வச்சிருக்கீங்க. சிங்கவால் குரங்கு பாக்க வந்தீங்களா? கிடைச்சுதா? இல்லையா. காட்டுக்குள்ள போயித் தேடியிருப்பீங்க. எல்லாரும் அதத்தான் பண்றாங்க. அங்க இருக்காது தம்பி. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் காட்டிக் குடுத்திருப்பேன். இந்த மலையில அதுங்களோட என்னளவு பழகின ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லல. லிஜான்னு ஒரு பொண்ணு, பாலக்காட்டுப் பொண்ணு, குரங்கப் பத்தியே படிச்சு டாக்டர் பட்டம் வாங்க வந்தவ, அவகூடச் சொல்லியிருக்கா, "அங்கிள், உங்ககிட்ட வர்ற மாதிரி அதுங்க யார்கிட்டயும் வந்து நான் பாத்ததில்ல"ன்னு. சிரிக்காமத்தான் சொன்னா. அவளுக்குச் சிரிப்பு கொஞ்சம் கம்மி.

என் பேரு தேவசகாயம். எஸ்டேட் ஃபேக்டரி கேன்டீன்ல சமையல் மாஸ்டர். கேன்டீன மூடிட்டாங்க, அது தனிக் கதை. ஆனா நான் இருந்த வரைக்கும் எவனும் வெறும் வயித்தோட மிசின்ல நின்னதில்ல. டோக்கன் மறந்துட்டு வருவான், போடுவேன். ரெண்டாந்தடவ வருவான், போடுவேன். சூப்பர்வைசர் சத்தம் போடுவாரு. சட்டியில இருக்கு, எதுக்க நிக்கிறவன் கைய நீட்டுறான், நான் எப்படி இல்லேங்கறது? என் கைக்கு அது வராது.

வீட்டுக்காரி பேரு ரெபேக்கா. கொழுந்து எடுக்கப் போயிட்டிருந்தா. சக்கரை வந்து, கண்ணு மங்கி, வேலைய விட்டுட்டு வீட்டுல உக்காந்துட்டா. பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். ரூபன். இப்ப அவன்கிட்டதான் போறேன். ரூபனுக்கு முந்தி ஒருத்தன் இருந்தான். எஸ்டேட்டப் பூட்டிப் போட்ட வருசம் பொறந்தவன். வேலை இல்ல, ரேசன் இல்ல, ரெபேக்காவுக்குப் பால் ஊறல. பலாக்கொட்டைய வேகவச்சுத் தின்னுட்டுக் கிடந்தோம். பேர் வைக்கிற வரைக்கும்கூட அவன் தங்கல. காய்ச்சல்னுதான் ஆஸ்பத்திரியில சொன்னாங்க. காய்ச்சலாத்தான் இருக்கும். அத விடுங்க.

எங்க வீடு லைன்ல, அதான் எஸ்டேட்டுல வரிசையாக் கட்டிக் குடுத்த வீடுங்கள்ல, கடைசி வீடு. கதவத் திறந்தா தேயிலை, பின்னாடி துவைக்கிற கல்லு, கல்லத் தாண்டினா காடு. காடுன்னா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. நாலு பக்கமும் தேயிலை, நடுவுல மட்டும் மரம். தட்டுல கடைசியா ஒதுக்கி வச்ச ஒரு வாய்ச் சோறு மாதிரி. அதுக்குள்ளதான் ஒரு கூட்டம் சிங்கவால். உடம்பு கறுப்பு, மூஞ்சியச் சுத்தி வெள்ளையா பிடரி, வால் நுனியில ஒரு குஞ்சம். முன்னாடியெல்லாம் சத்தம்தான் கேக்கும், ஆளக் காட்டாது. கூட்டத்துக்கு ஒரே ஒரு பெரிய ஆண். காலையில உச்சியில ஏறி ஒரு குரல் குடுக்கும் பாருங்க, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போகும். மரத்த விட்டுக் கீழ இறங்காது. வெடிப்பலா மரத்துல காய உடைச்சுத் தின்னும், பட்டைய உரிச்சுப் புழு பொறுக்கும், அத்தி பழுத்தா அங்கயே கிடக்கும். நாள் பூரா நடைதான் அதுங்களுக்கு. ஒரு வாய் இங்க, ஒரு வாய் அங்க. இதெல்லாம் லிஜா சொன்னது. அவ காலையிலயே வந்துருவா, அண்ணாந்து பாத்துக்கிட்டே நிப்பா, இருட்டுறப்பத்தான் போவா. அட்டை கடிச்சு ரத்தம் வடியும், கவனிக்கமாட்டா. மதியம் நான்தான் கூப்பிட்டு உக்கார வச்சுச் சோறு போடுவேன். நல்லாச் சாப்பிடுவா. அவ அப்பா அம்மாவப் பத்தியெல்லாம் ரெபேக்காகிட்டச் சொல்லியிருக்கா. எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிதான் இருந்தா. அதனாலதான் எனக்கு மனசு ஆறமாட்டேங்குது.

இந்தத் துண்டுக் காட்டுக்கும் அந்தப் பக்கம் பெரிய காட்டுக்கும் நடுவுல, தேயிலைக்கு நிழலுக்குன்னு வரிசையா சில்வர் ஓக் மரம் நின்னுச்சு. அதுல ஏறித்தான் போக வர இருக்கும் குரங்கு. ஒரு வருசம் அத்தனையும் வெட்டி லாரியில ஏத்திட்டாங்க. அதோட வழி அத்துப்போச்சு. லிஜாவும் அவ கூட்டாளிகளும் தீயணைப்பு வண்டியில தண்ணி அடிக்கிற பழைய குழாய்ப் பட்டைய வாங்கியாந்து ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் பாலம் கட்டினாங்க. நல்ல வேலைதான். குரங்கு கொஞ்ச நாள் பாத்துட்டு அதுல ஏறி நடந்துச்சு. அன்னைக்கு லிஜா சிரிச்சா. அது ஒரு நாள்தான் அவ சிரிச்சு நான் பாத்தது.

அந்த வருச மழையிலதான் ஒத்தக்கை வந்தா. ஐப்பசி மழை, ஒரு வாரமா விடல. பின்வாசல்ல ரெபேக்கா உக்காந்திருக்கா. "இங்க வாங்க, யாரோ வந்திருக்காங்க"ங்கறா. போயிப் பாத்தா துவைக்கிற கல்லு மேல ஒரு பொட்டக் குரங்கு நனைஞ்சு போயி உக்காந்திருக்கு. இடது கை மணிக்கட்டோட இல்ல. கரண்டுக் கம்பியப் புடிச்சு முந்தின வருசமே போனதுன்னு பின்னாடி லிஜா சொன்னா. அந்த மொட்டைக் கைய நெஞ்சோட வச்சுக்கிட்டு என்னையே பாக்குது.

"பசிச்சுதான் வந்திருக்கு"ன்னேன்.

"பசின்னு உங்ககிட்டச் சொல்லுச்சா?"ன்னா ரெபேக்கா. அவளுக்கு வாய் ஜாஸ்தி. "மழைக்கு ஒதுங்கியிருக்கும்."

நான் உள்ள போயி வேகவச்ச மரவள்ளிக்கிழங்கு ஒரு துண்டு கொண்டாந்து கல்லு ஓரத்துல வச்சேன். எட்டிப் போயிருச்சு. நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன். திரும்ப வந்து, மோந்து பாத்து, ஒரு கடி கடிச்சுது. அப்புறம் முழுசையும் கன்னத்துப் பையில அடைச்சுக்கிட்டு என்னப் பாத்துச்சு தம்பி. அந்தப் பார்வைய நான் கேன்டீன்ல பாத்திருக்கேன். இன்னொரு கரண்டி போடுவானா, மாட்டானாங்கற பார்வை. எனக்கு அன்னைக்கு மனசு நெறைஞ்சு போச்சு. கேன்டீன் மூடினதுக்கப்புறம் என்னை ஒருத்தரும் அப்படிப் பாக்கல.

மறுநாளும் வந்தா. அதுக்கு மறுநாள் கூட ரெண்டு பொட்டைங்க. பிறகு கூட்டமே வந்துச்சு. பெரிய ஆணு மட்டும் கொஞ்ச நாள் மரத்துலயே நின்னு பல்லக் காட்டுனான், கடைசியில அவனும் இறங்கிட்டான். ரோட்டத் தாண்டி வாழைத்தோப்புப் பக்கமிருந்து வர்றதுகூட, பாலத்துல ஏறிச் சுத்தி வராம நேரா தரையிலயே ஓடியாந்துருங்க. அவ்வளவு ஆசை. நான் காலையில உலை வைக்கிறப்பவே ரெண்டு படி சேத்து வச்சிருவேன். ரெபேக்கா சொல்லுவா, "குரங்குக்கும் எனக்கும் ஒரே சமையக்காரன். எது முன்னாடி போகுதுன்னு பாப்போம்." வேடிக்கைக்குத்தான் சொல்லுவா.

லிஜாவுக்குத் தெரிஞ்சப்ப மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. தட்டுல சோத்தப் பிசைஞ்ச கைய அப்படியே வச்சுட்டா.

"அங்கிள், கொடுக்கண்டா"ன்னா. கோவம் வந்தா மலையாளம் வந்துரும். அப்புறம் தமிழுக்கு வந்து, "தயவுசெஞ்சு குடுக்காதீங்க. அதுங்க மரத்துல இருக்க வேண்டியது. கீழ இறங்கக் கூடாது"ன்னா.

"கீழ இறங்கினா என்னம்மா? நான் என்ன அடிக்கவா போறேன்?"

"நீங்க அடிக்கமாட்டீங்க அங்கிள்."

"பின்ன?"

"காட்டுக்குள்ள வெடிப்பலா பழுத்து உதிர்ந்து கிடக்கு. ஒண்ணுகூட அதத் திங்கப் போகல. காலையில இருந்து உங்க வீட்டுக் கூரையப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கு. குட்டிங்க அம்மா பின்னாடி போயித்தான் எந்தக் காயி, எந்தப் புழுன்னு படிக்கும். இனி ஒரு குட்டி பொறந்தா என்ன படிக்கும்?"

நான் சிரிச்சுட்டேன். எனக்கு அது பெருமையாத்தான் இருந்துச்சு, மறைக்கல. வீட்டுச் சாப்பாடு ருசி கண்டவன் காட்டுக்காயத் தேடிப் போவானா? நீங்க போவீங்களா? நான் அவகிட்ட, "நீயும் ஹாஸ்டல் சாப்பாட்ட விட்டுட்டு இங்கதானம்மா வர்ற"ன்னேன். அதுக்கப்புறம் அவ எங்க வீட்டுல சாப்பிடுறதில்ல. டப்பாவுல பிரெட்டு கொண்டாந்து தேயிலைக்குள்ள உக்காந்து தின்னுவா. அவ்வளவு ரோசம்.

அப்புறம் லைன்ல எல்லாரும் சேந்துக்கிட்டாங்க. பக்கத்து வீட்டு சந்தனமேரி, குரங்கு கூரைத் தகரத்த நெம்பி உள்ள இறங்கி மாவுச்சட்டியக் கவுத்துருச்சுன்னு சண்டைக்கு வந்தா. என் வீட்டுல ஒருநாளும் தகரத்த நெம்புனதில்ல தம்பி. ஏன் நெம்பணும்? நேரத்துக்கு வச்சுட்டா அது ஏன் திருடப் போகுது? நீயும் ஒரு பிடி வச்சுப் பாரு, தொந்தரவே இருக்காதுன்னு நான் அவகிட்ட நல்ல மாதிரியாத்தான் சொன்னேன். காரித் துப்பிட்டுப் போயிட்டா.

இதுக்கு நடுவுல ரெபேக்காவுக்குக் கால் விரல்ல ஒரு புண்ணு. செருப்பு கடிச்சது. ஆறல. டவுன் டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "அரிசியக் கொறைங்க, இனிப்பு அறவே கூடாது"ன்னாரு. சரின்னுட்டு வந்தேன். கொறைச்சேன். கொறைக்கலேன்னு சொல்லாதீங்க. ஆனா பாருங்க, அவளுக்குப் பாயாசம்னா உசுரு. சாயங்காலமானா வாசல்ல உக்காந்துக்கிட்டு என்னைப் பாப்பா. கேக்கமாட்டா. வாயத் திறந்து கேட்டாக்கூட இல்லேன்னு சொல்லிறலாம். பாக்குறா. ஒரு டம்ளர் குடுத்தா என்ன ஆயிரப்போகுது? அதுவும் வெல்லம்தான், சீனிகூட இல்ல. குடிச்சுட்டு, "நீங்க என்னைக் கொல்லத்தான் போறீங்க"ம்பா. டம்ளரத் திருப்பித் தர்றப்போ அதுல ஒரு சொட்டு இருக்காது.

அந்த வெயில் காலத்துல ஒத்தக்கை குட்டி போட்டா. நான்தான் முதல்ல பாத்தது. வயித்த ஒட்டிக்கிட்டு ஒண்ணு தொங்குது. உடம்பு கறுப்பா பஞ்சு மாதிரி, மூஞ்சி மட்டும் ரோஸா. பிடரியெல்லாம் அப்ப இருக்காது, பின்னாடிதான் வளரும். லிஜாகிட்ட ஓடிப்போயிச் சொன்னேன், எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை குறைஞ்சிருந்தாக்கூட. அவ ஓடி வந்து பாத்துட்டு அப்படியே தரையில உக்காந்துட்டா. இந்தக் கூட்டத்துல ரொம்ப வருசமா குட்டி தங்கலியாம். பொட்டைங்கள்லாம் வயசாயிட்டு வருது. வெளியிலயிருந்து புது ஆண் வர வழியில்ல, மரத்தத்தான் வெட்டிட்டாங்களே, பாலம் ரோட்டத் தாண்ட மட்டும்தான். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் வருசக்கணக்குல ஆகுமாம் இதுங்களுக்கு. "இது பொட்டக்குட்டி அங்கிள்"னா. "ஆணுன்னா பெரிசானதும் கூட்டத்த விட்டுப் போயிரும். பொட்டைங்கதான் இங்கயே இருக்கும். இது இருந்துச்சுன்னா கூட்டம் இருக்கும்."

"நான் பாத்துக்கிறேம்மா"ன்னேன். தாய்க்கு நல்லாப் பால் ஊறணுமில்ல? அன்னையிலயிருந்து ஒத்தக்கைக்குத் தனித் தட்டு. முட்டை அவிச்சு வச்சேன். ராகிக் களி வச்சேன். குட்டிய வயித்துல தொங்கவிட்டுக்கிட்டே ஒரு கையால அள்ளித் தின்னுவா. லிஜா தூரத்துல நின்னு பாத்துக்கிட்டே இருப்பா. சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு போல.

குட்டி தாய விட்டு இறங்கி அங்க இங்க துள்ள ஆரம்பிச்ச சமயம், ரெபேக்கா கால் கறுத்துப் போச்சு. விரல்ல இருந்தது பாதத்துக்கு ஏறிருச்சு. கோயமுத்தூருக்குக் கொண்டு போனோம். பெரிய ஆஸ்பத்திரி. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. எடுத்து, புண்ணு ஆறி, எந்திரிச்சு உக்கார ஒரு மாசத்துக்கு மேல ஆயிப்போச்சு. ஆஸ்பத்திரி வராண்டாவுல படுத்துக்கிட்டு எனக்கு நினைப்பெல்லாம் பின்வாசல்தான். உலை வைக்க ஆள் இல்லியே, அதுங்க வந்து பாத்துட்டுப் போகுமேன்னு. சந்தனமேரிக்குப் போன் போட்டு ஒரு பிடி வைக்கச் சொன்னேன். போன வச்சுட்டா.

வந்து பாத்துட்டுப் போச்சுங்களாம். கொஞ்ச நாள் துவைக்கிற கல்லுலயே உக்காந்திருந்துச்சாம். தகரத்த நெம்பி உள்ள போயிப் பாத்திருக்கு, காலி வீடு. அப்புறம் என்ன பண்ணும்? ரோட்டுக்குப் போயிருச்சு. அங்கதான் கார்ல வர்றவங்க நிறுத்தி நிறுத்திச் சிப்ஸ் போடுறாங்களே. மனுசன் கையில சோறு இருக்கும்னு அதுங்களுக்குத் தெரியும். பாலம் மேல தொங்கிக்கிட்டே இருக்கு, கீழ ரோட்டுல கூட்டமா உக்காந்திருக்கு. பழக்கமில்லாத ஆளுங்க தம்பி இந்தக் கார்க்காரங்க. போடத் தெரியாமப் போடுறாங்க. ரோட்டு நடுவுல வீசுவான். நான்லாம் ஒருநாளும் வீசினதில்ல, வச்சுட்டு ஒதுங்கிருவேன்.

ரெபேக்காவ வண்டியில கூட்டிட்டு வந்து இறக்கின மறுநாள். பின்வாசல்ல கட்டிலப் போட்டு அவளச் சாச்சு உக்கார வச்சிருக்கேன். ஒத்தக்கை வந்தா. எனக்குச் சந்தோசம் தாங்கல. மறக்காம வந்துட்டா பாருன்னு சொல்லிக்கிட்டே உள்ள போயிப் பழம் எடுத்துட்டு வர்றேன். ரெபேக்கா, "நில்லுங்க"ன்னா.

அப்பத்தான் பாத்தேன். அந்த ஒரு கையில குட்டியப் புடிச்சிருக்கா. குட்டி தலை தொங்கிப் போயிக் கிடக்கு. காஞ்சு, தட்டையா. ஈ மொய்க்குது. ரோட்டுல கார் ஏறி ரெண்டு மூணு நாள் ஆயிருச்சாம். ஒரு சிப்ஸுக்கு ஓடினது. தாய் அத விடாமத் தூக்கிக்கிட்டே திரியறா. மரத்துல ஏற முடியல அவளுக்கு. இருக்கிறது ஒரு கை, அதுலயும் குட்டி. தரையிலயே நடந்து வந்திருக்கா. கூட்டம் முன்னாடி போயிருச்சு, இவ மட்டும் பின்தங்கி.

லிஜா தேயிலை ஓரத்துல நிக்கிறா. அவளும் மூணு நாளா இவ பின்னாடியே நடந்திருக்கா போல. கண்ணெல்லாம் உள்ள போயிருந்துச்சு.

நான் பழத்தக் கல்லு மேல வைக்கப் போனேன். ரெபேக்கா, "இன்னைக்கு மட்டும் குடுக்காதீங்க"ன்னா. அவ குரல் என்னமோ மாதிரி இருந்துச்சு. "அவ கையில புள்ள இருக்கு. குடுக்காதீங்க."

"பசியோட வந்திருக்காடி. மூஞ்சியப் பாரு."

வச்சுட்டேன். வைக்காம என்ன செய்யறது? நீங்களே சொல்லுங்க. துக்கம் வேற, வயிறு வேற இல்லியா? ஒத்தக்கை பழத்தப் பாத்தா. குட்டியப் பாத்தா. மறுபடி பழத்தப் பாத்தா. ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தா தம்பி. எடுக்கணும்னா கை வேணும். மொட்டைக் கையால பழத்த இழுத்துப் பாத்தா, உருண்டு போச்சு. அப்புறம் குட்டியக் கல்லு மேல வச்சா. மெதுவாத்தான் வச்சா, தலை இடிக்காம. வச்சுட்டுப் பழத்த எடுத்துத் தின்னா. நான் இன்னொண்ணு வச்சேன். அதையும் தின்னா. பின்னாடி கூட்டத்துச் சத்தம் கேட்டுச்சு, திரும்பிப் பாத்துட்டுப் போயிட்டா. பாதி தூரம் போயி நின்னா. திரும்பி வருவாளோன்னு பாத்தேன். வரல. மரத்துல ஏறிட்டா.

எனக்கு அப்ப என்ன தோணுச்சுன்னா, அப்பாடா, சுமைய இறக்கி வச்சுட்டாளேன்னு. நம்ம வீட்டு வாசல்ல, நம்மள நம்பி இறக்கி வச்சுட்டுப் போறா. எவ்வளவு நம்பிக்கை இருந்தா அப்படிச் செய்யும் ஒரு மிருகம்? இத நான் லிஜாகிட்டச் சொன்னேன். அவ வந்து அந்தக் குட்டியத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டா. கட்டில்கிட்டப் போயி ரெபேக்கா கையப் புடிச்சா. ரெபேக்கா மட்டும் அழுதா. என் பக்கம் யாரும் பாக்கல.

அன்னைக்குச் சாயங்காலம் ரெபேக்கா, சந்தனமேரி வீட்டுல சொல்லி ரெண்டு சப்பாத்தி வாங்கியாரச் சொன்னா. நான் குழைய வடிச்ச சோறும் ரசமும் வச்சிருக்கேன், வேண்டாம்னுட்டா. அதுக்கப்புறம் என் கையால அவ சாப்பிடவே இல்ல தம்பி. சந்தனமேரிதான் கொண்டாந்து குடுப்பா. கால் போன துக்கம். அந்த மாதிரி ஆப்பரேசன் ஆனவங்களுக்கு வாய் கசந்துருமாம், ஆஸ்பத்திரியில ஒருத்தர் சொன்னாரு. நான் பாயாசம் வச்சுக்கூடக் கொண்டு போயி நீட்டினேன். மூஞ்சியச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. அவளுக்குப் புடிச்ச அதே வெல்லப் பாயாசம். எனக்கு அப்ப வந்த அழுகை, அவ செத்தப்பக்கூட வரல.

கிறிஸ்மஸுக்கு முன்னாடி போயிட்டா. அடுத்த காலும் கறுத்துருச்சு. இந்தத் தடவ அவளே ஆஸ்பத்திரி வேண்டாம்னுட்டா. கடைசியா என்ன சொன்னான்னு கேட்டீங்கன்னா, ரூபன்கிட்ட, "அப்பாவப் பட்டினி போட்டுறாத"ன்னா. என்கிட்ட ஒண்ணும் சொல்லல. அவ்வளவு வருசம் வாழ்ந்திருக்கோம்.

லிஜா அதுக்கு முன்னாடியே கிளம்பிட்டா. படிப்பு முடியலியாம், ஆனா வேற காட்டுக்குப் போறேன்னா. போறப்ப ரெபேக்காவப் பாத்துட்டுப் போகத்தான் வந்தா. நான் வாசல்ல வச்சுக் கேட்டேன், "ஏம்மா, இத்தனை வருசம் பாத்துட்டு இப்படி நடுவுல விட்டுட்டுப் போறியே, அதுங்கள யாரு பாப்பா?"

"பாக்குறதுக்கு இனி அதுங்க காட்டுக்குரங்கா இருக்கணுமே அங்கிள்"னா. அப்புறம், "உங்க மேல கோவமில்ல"ன்னா. கோவமில்லேன்னா ஏன் ஒரு போன்கூடப் பண்ணல? எத்தனை நாள் சோறு போட்டிருக்கேன். நான் ரெண்டு தடவ கூப்பிட்டேன், எடுக்கல. படிச்ச பிள்ளைங்க அப்படித்தான் போல. காரியம் முடிஞ்சா ஒட்டு உறவு இல்ல.

இப்ப கூட்டம் முழுக்க ரோட்டுலதான். பெரிய ஆணு ஒரு வேன்ல அடிபட்டுப் போயிட்டான். அந்தக் காலைக் குரல் இப்ப கிடையாது. அதுக்கப்புறம் குட்டியும் இல்ல, குட்டிக்கு ஆணும் இல்ல. நான் விடல, முடிஞ்சவரை வச்சுக்கிட்டேதான் இருந்தேன். ஆனா வேலை போனவன் லைன் வீட்டுல எத்தனை நாள் இருக்க முடியும்? காலி பண்ணச் சொல்லிட்டாங்க. கடைசி வீடு, தகரமெல்லாம் பிஞ்சு போச்சு, இடிச்சுருவாங்க. ரூபன் வந்து கூட்டிட்டுப் போறேன்னான், நானே வந்துக்கிறேன்னுட்டேன். அவன் நல்ல பையன்தான். ஒண்ணுதான் சொன்னான், "அப்பா, சமையக்கட்டுப் பக்கம் மட்டும் வராதீங்க. அவளுக்குப் புடிக்காது." மருமக சொல்லிக் குடுத்திருப்பா. எனக்கு வேற என்ன தெரியும் தம்பி? அங்க போயி நான் என்ன செய்வேன்னு நினைச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியமாட்டேங்குது. சட்டி கரண்டிய மட்டும் எடுத்துக்கிட்டேன். எதுக்குன்னு கேக்காதீங்க.

காலையில பஸ்ஸுக்கு நிக்கிறேன், தடுப்புச் செவுத்து மேல ஒத்தக்கை உக்காந்திருந்தா. மெலிஞ்சிருக்கா. பிடரியெல்லாம் கொட்டிப் போயி. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரல் அவளுக்கு நல்லாத் தெரியும். திரும்பிப் பாத்தா. பாத்தா தம்பி, ஆனா அடையாளம் தெரியல. நான் இந்தச் சட்டை போட்டுப் பாத்ததில்லியே, எப்பவும் பனியன் லுங்கிதான். அதுக்குள்ள ஒரு கார் வந்து நின்னுச்சு. எந்திரிச்சு அங்க போயிட்டா. கைய நீட்டிக்கிட்டு ஒவ்வொரு கண்ணாடியா நடக்குறா. நான் ஒண்ணும் நினைக்கல. பசி நேரம்.

பஸ் வந்துருச்சு. அவளுக்குன்னு மடிச்சு வச்சிருந்த சோத்துப் பொட்டலத்தப் பிரிச்சு வச்சுட்டு ஏறினேன். செவுத்துக்கு அந்தப் பக்கம் காட்டு ஓரமா வச்சா அவ பாக்காமப் போயிருவாளோன்னு பயம். அதான் ரோட்டோரமாவே, தார் மேலயே வச்சேன். அவளுக்கு எட்டுற மாதிரி.